நான்கடி வெல்லம்

வரதோலி, பா, ஃபிஜி.
பங்குனி 12.

ம-ள-ள-ஸ்ரீ மைத்துனர் நடராஜன் அவர்கள் சமுகத்துக்கு வீரசாமி நமஸ்காரம். இதே தீவில், பினாங்குச் சர்க்கரை ஆலையின் சங்கு கேட்கும் தூரத்தில் தாங்கள் மேட்டு நிலத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே தங்கள் தங்கை இந்திராவதியும், எட்டு மாத வயிற்றோடு மகள் ஜான்கியும், நானும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்கு எழுதியாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புயல் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போன மறுநாள் வெல்லம் வந்தது. வெல்லமென்றால் அப்படி இப்படி வெல்லம் இல்லை; வீட்டுக்குள் நான்கடி ஏறி நின்றது, உழவு மாடு இரண்டையும் அடித்துக்கொண்டு போயிற்று, நட்ட கரும்பெல்லாம் சேற்றுக்குள். இப்போது நாங்கள் நம் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் படுத்திருக்கிறோம். பக்கத்து ஃபிஜியர் கிராமத்திலிருந்து ஒரு கூடை டாலோ கிழங்கு கொண்டுவந்து வைத்தார்கள். மனு எதுவும் கேட்கவில்லை. சர்க்காரோ கேட்டார்கள். மனு கொடுத்தவனுக்குப் பன்னிரண்டு கூரைத் தகரம், சனிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் தகரம் வராவிட்டால் தங்கள் தங்கை மகளுக்கு வானத்தின் கீழேதான் பிரசவம்.

போன பொங்கல் கூட்டத்தில் தாங்கள் மேஜையைத் தட்டி, "சர்க்காருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், வேண்டுமானால் அவர்கள் ஆள் வைத்துப் படித்துக்கொள்ளட்டும்" என்று பேசினீர்கள் அல்லவா? நான் கை தட்டினேன். அந்தப் புத்திக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். மூன்று பக்கம் சுத்தத் தமிழில் எழுதி, அடியில் "சங்கத்துத் தமிழ் வகுப்பில் முதல் பரிசு பெற்ற வீரசாமி" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர்களும் ஆள் வைத்துப் படித்துக்கொண்டார்கள். ஆள் யார்? நம் அப்பல்சாமி மகன் தங்கராஜ். வீட்டில் இந்துஸ்தானி, ஆபீஸில் இங்கிலீஷ், தமிழ் அம்மாவிடம் திட்டு வாங்கும்போது மட்டும்.

நான் எழுதியது தண்ணீர் வெல்லம். அந்த மேதாவி படித்தது தின்கிற வெல்லம். எழுத்து ஒன்றாக இருந்தால் என்ன, இடம் பார்த்துப் பொருள்கொள்ள வேண்டாமா? எதிர்ப்பட்டதையெல்லாம் வெல்வதால் அதற்கு வெல்லம் என்று பெயர். இதைக்கூட அறியாதவனுக்கு நாற்காலி, மேஜை, மை, பேனா.

பதில் வந்தது. வீட்டில் நான்கடி உயரம் வெல்லம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் தேவைப்படாது. மேலும், ஆலைக்கு எழுதிக்கொடுத்த கரும்பில் திருட்டுத்தனமாக வெல்லம் காய்ச்சியது பற்றி விசாரணைக்கு அதிகாரி வருவார். எனக்கு இங்கிலீஷ் வராது. தலைமை வாத்தியாரும் ஊரில் இல்லை. தகரம் கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி வீட்டு வாசலைப் பெருக்கி வைத்தேன்.

துரை வந்தார், கூடவே மொழிபெயர்க்கத் தங்கராஜ். துரை ஏதோ கேட்டார்.

"வெல்லம் எங்கன்னு கேக்கறாரு."

"வந்த வழியே போயிடுச்சு. இன்னுமா நிக்கும்?"

"எவ்வளவு இருந்துச்சாம்?"

"என் நெஞ்சு மட்டும். சுவத்தைப் பாக்கச் சொல்லு, கறை இருக்கு."

துரை சுவரில் ஒரு விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு, மைத்துனரே, நான் பொய் சொல்லவில்லை, நாக்கிலும் வைத்தார். முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் எங்க கொண்டுபோய்ச் சேர்த்தீங்கன்னு கேக்கறாரு."

"நான் எங்க சேர்க்கிறது? ஆத்துல போயிடுச்சு."

"இதுல யார் யாருக்குக் கூட்டு?"

"மழைக்கும் காத்துக்கும்தான் கூட்டு. போய் அதுங்கள புடிக்கச் சொல்லு."

சரக்கையெல்லாம் ஆற்றில் தள்ளித் தடயத்தை அழித்துவிட்டதாகத் துரை எழுதிக்கொண்டு போய்விட்டார். தலைமை வாத்தியார் நேற்று வந்து கடிதத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கிற்று. ஜான்கி அழுகிறாள். இந்திராவதி என்னைப் பார்க்கிற பார்வையை எழுத முடியாது, தங்களுக்கே பழக்கம்.

ஆகையால் சங்கக் காரியதரிசி என்ற முறையில் தாங்கள் உடனே சர்க்காருக்கு எழுதி, தமிழைக் கொலை செய்கிற அந்தத் தங்கராஜை வேலையிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டியது. தாய்மொழியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாதவன் இருந்தென்ன, போயென்ன? மாரியம்மன் தங்கள் வீட்டுக் கூரையையாவது தலைக்கு மேலேயே வைத்திருப்பாளாக. குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வீரசாமி

பி.கு.: தபால்தலை ஒட்டப் போகும்போது தங்கராஜ் பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றான். வீட்டில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா, "மாட்டை அடிச்சிட்டுப் போறது வெல்லமாடா?" என்று மண்டையில் குட்டி அனுப்பியிருக்கிறாள். கையில் என் மனு. பதினேழு இடத்தில் சின்ன ல.

"எனக்கும் வெள்ளமோன்னுதான் மாமா தோணிச்சு. அடியில முதல் பரிசுன்னு இருந்துச்சு. பரிசு வாங்கினவரு எழுத்துல கைவைக்க நான் யாருன்னு அப்படியே இங்கிலீஷ்ல போட்டுட்டேன்" என்றான்.

இங்கே வருமுன்பே அவனாகப் பெரிய ள போட்டு வேறு மனு எழுதி, துரையிடம் நேரில் சொல்லி, தகரம் பன்னிரண்டும் வாங்கிவிட்டான். வண்டி வாசலில் நிற்கிறது. ஜான்கி சிரிக்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் சர்க்காருக்கு எழுத வேண்டாம். திரும்ப எழுதவும் தாளில்லை, இருந்ததை வெள்ளம் கொண்டுபோயிற்று.

ஒன்று மட்டும் இருக்கிறது. பெட்டியோடு பரணில் தப்பிய என் பரிசுக் கட்டுரையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "தீமிதிக்கு ஜனங்கள் வெல்லமாகத் திரண்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில் "அருமை" என்று இருக்கிறது. கையெழுத்து தங்களுடையது. யாருக்கும் காட்டவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு இரண்டு ள வேண்டியிருப்பதால், இந்தக் கடிதத்தின் தலையில் தங்கள் பேருக்கு முன்னால் போட்ட இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். தங்களுக்கு ம-ஸ்ரீ போதும்.