மாணவர் நலத்தில் நான் அடைந்த முன்னேற்றம்

மனித குலம் கண்டெடுத்த தொழில்களிலேயே உன்னதமானது மாணவர் நல நிர்வாகம்தான். டாக்டர் நோயாளியைத் தொட்டாக வேண்டும். ஆசிரியர் வகுப்புக்குப் போயாக வேண்டும். மாணவர் முகத்திலேயே விழிக்காமல் மாணவருக்காக வாழ்நாளை அர்ப்பணிக்கும் பேறு எங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

ஹாக்ஸ்வெல் பல்கலைக்கழகத்தில் பதினோரு ஆண்டுகளில் ஆறு பதவி உயர்வு பெற்றவன் நான், டெஸ்மண்ட் ஹார்ட்லி. இந்தக் கதை ஆறாவது உயர்வைப் பற்றியது.

அந்த ஆண்டு என் முதல் சாதனை, 'மாணவர் உதவிப் பிரிவு' என்ற பழைய பெயரை 'மாணவர் பயணம்' என்று மாற்றியது. பலகை மாட்டிய மறுநாளே லீட்ஸ் போக பஸ் எப்போது என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். முகப்பு மேசையில் இருந்த லொரேன் அக்ராய்ட் கூசாமல் நேரம் சொல்லி அனுப்பினாள்.

லொரேன் அந்த மேசையில் இருபத்திரண்டு வருஷமாக இருந்தவள். எல்லோரையும் 'கண்ணு' என்பாள். அவள் முன்னால் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். துணைவேந்தர் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, "என்ன டெஸ்மண்ட், இவ்வளவு பிரச்சினையா நம்ம மாணவர்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

துறையைச் சீரமைத்தோம். அவரவர் வேலைக்கு அவரவரே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆணை போட்டேன். லொரேனும் விண்ணப்பித்தாள்.

ஜனவரி மாதம், வெளியே பாதையெல்லாம் பனி உறைந்து கிடந்த ஒரு காலை, ஒன்பதரை மணிக்கு நேர்காணல். என் பக்கத்தில் மனிதவளத் துறை ஜெம்மா. மேசைமேல் பிஸ்கட்.

"ஐந்து வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கிறீங்க?" என்று ஜெம்மா ஆரம்பித்தாள்.

"அதே மேசையிலதான். குளிருது, கதவை மட்டும் சரிபண்ணிக் குடுங்க."

'தொலைநோக்கு இல்லை' என்று ஜெம்மா குறித்துக்கொண்டாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"லொரேன் இங்க இருக்காங்களா?"

"இங்க நேர்காணல் நடக்குதும்மா," என்றாள் ஜெம்மா. "இணையதளத்துல பதிவு பண்ணு. மூணு வேலை நாள்ல பதில் வரும்."

"பத்து மணிக்குப் பரீட்சை! இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

"கீரா! கையில என்ன கண்ணு?" லொரேன் எழுந்தேவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் வழுக்கி விழுந்துட்டேன். எனக்குப் பதிலா எழுத ஒரு ஆள் வேணும்னு கேட்டா, ஏன் எழுத முடியலன்னு ஐந்நூறு வார்த்தைக்குக் குறையாம எழுதித் தரணுமாம். இன்னைக்கு எழுதலைன்னா அடுத்த வருஷம்தான். ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்கு எடுத்திருக்காங்க, அதுவும் போயிடும்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஐந்நூறு வார்த்தை விதி என்னுடையது. முதலில் ஆயிரமாக இருந்தது. மாணவர் நலன் கருதிப் பாதியாகக் குறைத்ததும் நான்தான்.

"வா கண்ணு, நான் எழுதறேன்," என்று லொரேன் கோட்டை எடுத்தாள்.

"லொரேன், உட்காருங்க," என்றேன். "அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. இருபது மார்க்."

"என்ன கேள்வி?"

தாளைப் பார்த்து வாசித்தேன். "'ஒரு மாணவரின் தேவையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் வைத்த சந்தர்ப்பம் ஒன்றைக் கூறுக.'"

"வந்து சொல்றேன்," என்று கீராவை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். படியில் இரண்டு ஜோடி காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கியது.

விதிப்படி பத்து நிமிஷம் காத்திருந்தோம். பிஸ்கட் தீர்ந்தது.

"பதில் இல்ல. பூஜ்யம்," என்றாள் ஜெம்மா.

"இப்பக் கண்ணால பார்த்தோமே..." என்று இழுத்தேன்.

"பார்த்ததுக்கு மார்க் போட விதி கிடையாது டெஸ்மண்ட். சொன்னதுக்குத்தான்."

என் மனம் ஒரு கணம் ஆடியது உண்மை. தலைமைப் பண்புப் பயிற்சி பெற்றவன் ஆகையால் உடனே அடக்கிக்கொண்டேன்.

அதே வேலைக்கு அடுத்து வந்தவன் ரூபர்ட். பார்சல் கம்பெனியில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி' பார்த்தவன். திரையில் படம் போட்டுக் காட்டினான்.

"மாணவரை ஒரு பார்சலா நினைச்சுப் பாருங்க சார். மூணு வருஷத்துல டெலிவரி."

"வழியில உடைஞ்சா?" என்றேன்.

"உடைஞ்சதுன்னு பதிவு பண்ணிடுவோம்."

ஜெம்மாவுக்குக் கண் கலங்கியது. இருபதுக்கு இருபது.

பன்னிரண்டரை மணிக்கு லொரேன் திரும்பினாள். விரலெல்லாம் மை. மணிக்கட்டை உதறிக்கொண்டே வந்தாள்.

"அப்பாடா! முதல் கேள்விக்கே நாலு பக்கம் சொல்றா. இதயத்துல இத்தனை குழாய் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னேன். அழுவாள் என்று டிஷ்யூ பெட்டியை முன்னால் நகர்த்தி வைத்தேன். அவள் அதில் ஒன்றை எடுத்து மையைத் துடைத்தாள்.

"பரவால்ல. நான் ஃபெயில், அவ பாஸ். காலையில ஒருத்தராவது பாஸானா சரிதான்." கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பரீட்சை ஹாலை நான் காட்டாம உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமா டெஸ்மண்ட்?"

தெரியாது. ஆனால் அது கேள்வித்தாளில் இல்லை.

மாத இறுதியில் லொரேன் போய்விட்டாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே அவள் தங்கையின் பேஸ்ட்ரி கடையில் நிற்கிறாள். ஒரு கையால் உருளைக்கிழங்குப் பேஸ்ட்ரி கொடுப்பாள், மறுகையால் யாருடைய படிவத்தையாவது திருத்துவாள். கடை வரிசை தபால் பெட்டி வரை நீள்கிறது. கீரா தேறி, இப்போது ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்து சாப்பிடுகிறாள்.

எங்கள் அலுவலகத்திலோ பேரமைதி. ஆரஞ்சு நிறச் சோபாக்கள் உட்கார்ந்த தடமே இல்லாமல் பளபளக்கின்றன. ரூபர்ட் தினமும் பூஜ்யத்தைப் பதிவு செய்கிறான். துணைவேந்தர் அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பூரித்து என்னைத் துணைத் துணைவேந்தர் ஆக்கினார்.

போன வாரம் எங்கள் வெற்றியை ஆராய மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து மூவர் குழு ஒன்று வந்தது. காலியான கூடத்தைச் சுற்றிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

"பிரச்சினைன்னு ஒரு மாணவர்கூட வரலையே! இதை எப்படிச் சாதிச்சீங்க?" என்று தலைவர் நோட்டைத் திறந்தார்.

"பெரிசா ஒண்ணும் செய்யலை," என்றேன் அடக்கமாக. "உதவி செஞ்சுக்கிட்டிருந்த ஒரே ஒருத்தரை அனுப்பிட்டோம்."

மூவரும் எழுதிக்கொண்டார்கள்.