வாயில் வைக்காத ரிசோல்

தன் வாயில் ஒருநாளும் வைக்காத பண்டத்துக்காக ஒரு முழுக் குளிர்காலத்தையும் செலவழித்த மனிதர் மொன்றியலிலேயே ஒருவர்தான். லாசால் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் ரிசோல் அண்ணை. சொந்தப் பெயர் தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிறது; கூப்பிடத்தான் ஆளில்லை.

இங்கே வருவதற்கு முன் அண்ணை அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில், ஒரு சிப்ஸ் கடையில் பன்னிரண்டு வருடம் பொரித்தவர். ரிசோல் அந்த ஊர்ப் பண்டம். மசித்த உருளைக்கிழங்கில் வெங்காயமும் வாசனை இலைகளும் சேர்த்து உருட்டி, பாண்தூளில், அதாவது ரொட்டித்தூளில், புரட்டிப் பொரிப்பது. அதைச் சிப்ஸோடு சாப்பிடுவார்களாம். கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கு!

"அப்ப அது எங்கடை கட்லட்தானே அண்ணை?" என்று ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"தம்பி, அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொன்னால் படியாலை உருட்டிவிடுவன்."

எல்லாம் மகள் துளசிக்காக. அண்ணையின் மனைவி ராணியக்காவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் குடும்பம் வந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனம் மட்டும் வரவில்லை. பிரெஞ்சும் பிடிக்கவில்லை, பனியும் பிடிக்கவில்லை. "கோடையிலை நான் திரும்பிப் போறன். அங்கையே படிக்கிறன். இஞ்சை ஒரு ரிசோல்கூட இல்லை," என்று அயர்லாந்துக் காற்றடித்த தமிழில் அறிவித்தாள். அண்ணை அந்தக் கடைசி வசனத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பனியை அவரால் நிறுத்த முடியாது. ரிசோல் செய்யலாம்தானே?

செய்யலாமா? கடையில் கலவையைக் குழைப்பவர் முதலாளி, அதுவும் கதவைப் பூட்டிக்கொண்டு. அண்ணை பொரிக்க மட்டும். ருசி பார்த்ததும் இல்லை. ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். "நான் காதாலை பொரிக்கிறவன். சத்தம் சொல்லும், எப்ப எடுக்கிறதெண்டு."

முதல் முயற்சியில் ராணியக்கா பரிதாபப்பட்டு, அண்ணை அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துப் பச்சைமிளகாய், கருவேப்பிலை, தகரத்தில் அடைத்த ஒரு ரின் மீன் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டார். நான் ஒன்பது சாப்பிட்டேன். துளசி ஒன்றைக் கடித்தாள். "நல்லா இருக்கு அப்பா. கட்லட்."

அதுக்குப் பேந்து இரண்டு நாள் அண்ணை மனுசியோடு கதைக்கவில்லை.

அடுத்தது மணம். கடை கடையாகப் போய் ஒவ்வொரு இலையாகக் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்தார். காவலாளி பின்னால் வர, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டே அடுத்த இலைக்கட்டை முகர்ந்தார். தைம் இலை பிடிபட்டது. துளசி கடித்தாள். "கிட்ட வந்திட்டீங்கள். ஆனா ஏதோ ஒண்டு இல்லை."

வேறு வழியில்லாமல் பழைய முதலாளிக்குப் போன் எடுத்தார். கலவையைத் தன் தங்கைக்கே சொன்னதில்லை என்றார் முதலாளி. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதிலை பொரிக்கிறாய்?"

"சூரியகாந்தி எண்ணெயிலை."

அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. "பன்னிரண்டு வருசம் என்ரை கடையிலை எதிலையப்பா பொரிச்சனீ?"

மாட்டுக்கொழுப்பில்! வெள்ளிக்கு வெள்ளி முருகன் கோயிலுக்குப் போகிற மனிதர். போனை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எண்ணெய் எண்டு நினைச்சுத்தான் தம்பி பொரிச்சனான். நினைச்சு நினைச்சு, எனக்கு அது எண்ணெயாவே போச்சுது."

ராணியக்கா வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "சாமி இருக்கிற வீடு. அது இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது."

நான் மன்னார்க் கத்தோலிக்கன். எனக்குத் தடையில்லை. "என்ரை வீட்டிலை பொரியுங்கோவன்," என்றேன்.

"வேறை ஆற்றையோ வீட்டிலை பொரிச்சால் பிள்ளைக்கு இது வீடில்லைத் தம்பி."

அண்ணையின் பல்கனி அவர் வீடுதான், ஆனால் வாசற்படிக்கு உள்ளே இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம், உறையும் குளிரில், கொழுப்பு என் வாசலால் வந்து, என் பல்கனிக்குப் போய், வாளியில் ஏறி, கயிற்றில் தொங்கி, மேல் பல்கனிக்குப் போய்ச் சேர்ந்தது. புதுத் தாச்சிச் சட்டியும் புது மின்னடுப்பும் அதே வாளியில்தான். எதிர்வீட்டுக்காரர் யன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் கையசைத்துவிட்டு மேலே ஓடினேன்.

அண்ணை உருண்டைகளைக் கொழுப்பில் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் காதைத் தாச்சிப் பக்கம் கொடுத்தார். "உஷ்! ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பனி அள்ளும் வண்டி வந்தது. அது போட்ட ஊளையில் தாச்சியின் சத்தம் அமுங்கிப்போனது. அண்ணை பதறிப்போனார். "ஐயோ, ஒண்டும் கேக்கேல்லை! கருகப் போகுது!"

கதவு திறந்தது. துளசி, பைஜாமாவுக்கு மேல் கோட்டு. "அப்பா, விலகுங்கோ. நிறத்தைப் பாக்க எனக்குத் தெரியும்." அகப்பையை வாங்கி ஒன்றை எடுத்தாள். ஊதினாள். கடித்தாள். வண்டி போய்விட்டது. அவள் மெல்லும் சத்தம் மட்டும்.

"எப்பிடியம்மா?" அண்ணை கெஞ்சுவதுபோல் கேட்டார். "எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதே. சொல்லன்."

அவள் சொல் தேடினாள். "அங்கை மழைக்குள்ளை பஸ்ஸுக்கு நிப்பன். நீங்கள் கடைக்குள்ளை கூப்பிட்டுக் கடதாசியிலை சுத்தித் தருவீங்கள். கை சூடாகும். அது மாதிரி இருக்கு."

இன்னொன்றை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப அங்கை போனாலும் அந்தக் கடையிலை வேறை ஆரோதானே நிப்பினம். நான் இஞ்சையே படிக்கிறன் அப்பா."

அண்ணை சட்டென்று தாச்சிப் பக்கம் திரும்பி, "சீ, இந்தப் புகை," என்று கண்ணைத் துடைத்தார்.

காற்று அன்றைக்கு அவர் பக்கம் அடிக்கவே இல்லை. புகை முழுக்க என் முகத்தில்தான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை, பொல்லாத புகை," என்றேன்.