சிலுப்பினால்தான் சம்மதம்

கொல்லிமலையில் யார் 'சரி' என்று சொன்னாலும், அதைச் சரியென்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சிலுப்பு அண்ணன்தான்.

செம்மேட்டில் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் கிளையில் நான் கணக்குப் பார்க்கிறேன். அண்ணன் எங்கள் வசூல்காரர். மாதா மாதம் மொபெட்டில் மலையைச் சுற்றி, வீடு வீடாகப் பணம் வாங்கி வருவார். அதற்குத்தான் வந்தது ஆப்பு. இனி பேங்க்கே வாடிக்கையாளர் கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துக் கொடுத்துவிடுமாம். அதற்கு ஒவ்வொருவரிடமும் ஒருமுறை அனுமதி வாங்க வேண்டுமாம். அந்த வேலையும் அண்ணன் தலையிலேயே விழுந்தது. எல்லா வீட்டிலும் வாங்கி முடித்தால் அவர் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

மற்ற ஊர்களில் வாடிக்கையாளரின் போனை வாங்கி, ஓடிபியைத் தட்டி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அண்ணன் முதலில் பேங்க் பணம் எடுப்பதை நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். ஆரம்பிப்பது எப்படி என்பது அதற்குப் பிறகுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரின் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அதான் சரின்னு சொல்லிட்டாங்களேண்ணா!" என்றேன் ஒருநாள்.

"வாய் ஆயிரஞ் சொல்லும் கண்ணு. கோயில்ல கெடாய்க்குத் தண்ணி தெளிச்சுட்டு என்ன பண்றோம்? அது தலையச் சிலுப்புற வரைக்கும் நிக்கிறோமில்ல? ஆட்டுக்கே அத்தன மரியாதின்னா, மனுசனுக்கு வேண்டாமா?"

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் சிலுப்பு அண்ணன்.

ஒருமுறை மலையின் குண்டனி நாட்டுப் பகுதிக்கு நானும் கூடப் போனேன். அண்ணன் விளக்கி முடித்ததும் அந்த விவசாயி தலையைப் படாரென்று சிலுப்பினார். அப்பாடா என்று நான் எழுந்துவிட்டேன். அண்ணன் குனிந்து அவர் சட்டைக் காலரைப் பார்த்தார்.

"ஏனுங்க, எறும்பு கடிச்சுதுங்களா?"

"ஆமாங்க, கட்டெறும்பு."

"அப்ப இது செல்லாதுங்க. அடுத்த வாரம் வாரேன்."

"நான் வேணா சிலுப்பறேனுங்க" என்றார் விவசாயியின் மனைவி, பொறுக்க முடியாமல்.

"கணக்கு உங்க ஊட்டுக்காரர் பேர்ல இருக்குதுங்க அம்மிணி."

இந்த லட்சணத்தில் போனால் வேலை எப்போது முடியும்? நாமக்கல்லிலிருந்து மேனேஜரே கிளம்பி வந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகள் அவர் வயிற்றைக் கலக்கியிருந்தன. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கத்தினார்.

"வேலை போயிருமேன்னு இழுத்தடிக்கிறீங்களா?"

எதற்கும் வாடாத அண்ணன் முகம் வாடிப்போனது. எனக்கு மேனேஜர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"வேல போனா மரவள்ளி போட்டுப் பொழச்சுக்கறேனுங்க. மனசறிஞ்சு கேக்காம எடுத்தா, அது ஆடு திருடறதுங்க சார்."

"சரி, சரி. உங்க வழியிலயே வாங்குங்க."

அண்ணன் நகரவில்லை. மேனேஜரின் தலையையே பார்த்தார். மேனேஜர் வேறு வழியில்லாமல் தலையை நன்றாகவே சிலுப்பினார். எலுமிச்சம்பழம் கீழே விழுந்து உருண்டது.

அதன்பிறகு மலை முழுக்க ஒவ்வொரு தலையாகச் சிலுப்பி, இப்போது ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் பாக்கி. அது நான்.

மாதம் பிறந்தால் அண்ணன் என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்துவார். கம்பெனிக்காரனான எனக்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்குவார். பிறகு என் தலையைப் பார்ப்பார். ஒரு வீடு பாக்கி இருக்கும்வரை வசூல்காரரை நிறுத்த முடியாது. அவர் இல்லாத அலுவலகம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

போன மாதம் என் கழுத்தில் ஒரு கட்டெறும்பு கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.