அத்தையும் அடிக்கடி அணைந்துபோன கம்ப்யூட்டரும்

தன் கையால் ஒன்றைச் செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அது கெட்டுப்போனால், தன் கை பட்ட இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் சந்தேகிப்பார்கள். குழம்பு கரித்தால் உப்புக் கம்பெனி மேல் தப்பு. தைத்த ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தால் போட்டவள் உடம்பு மேல் தப்பு. எனக்கு இந்த வியாதி முற்றிப்போய், கடைசியில் மாமியாரையே டிவியில் போட்டுக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். சிவில் டிப்ளமோ படித்திருக்கிறேன். கட்டப்போகும் வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். உத்திரமேரூரில் இருக்கும் ஒரு இன்ஜினியர்தான் வேலை அனுப்புவார். (உள்ளே ரெண்டே ரூம் இருக்கும். முகப்பில் மட்டும் தூண்கள், தூண்மேல் சிங்கம் வேண்டும் என்பார்கள். சிங்கத்தின் பிடரியை வரைந்து வரைந்தே எனக்குக் கண்ணாடி வந்தது.)

பழைய லேப்டாப் இந்தச் சிங்கங்களைத் தாங்காமல் உயிரை விட்டது. "கடையில ரெடியா வாங்கிக்கலாமே" என்றார் என் கணவர். எனக்குக் கடைக்காரர்கள் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. நல்ல பாகத்தை உருவிக்கொண்டு மட்டமானதை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள், நமக்கு எப்படித் தெரியும்? அதனால் சென்னைக்குப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தேன். ஹாலில் பாயை விரித்து, ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, நானே மாட்ட உட்கார்ந்தேன்.

வீடே சுற்றி உட்கார்ந்துகொண்டது. மாமா கழனிக்குக்கூடப் போகவில்லை. அத்தை பக்தியோடு கேட்டார்: "எம்மா, மொதல்ல தேங்கா ஒடைக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம் அத்தை. யாரும் தொடாம இருந்தா போதும்."

சொன்ன தொனி எனக்கே இன்றைக்கும் காதில் கேட்கிறது. இதய ஆபரேஷன் செய்யும் டாக்டர் அப்படித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன் போல.

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. விளக்குகள் நீலமும் சிவப்புமாக எரிந்தன. "மாரியம்மன் கோயில் சீரியல் செட்டு மாதிரி கீது" என்றார் மாமா. அன்று மாலைக்குள் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பரப்பியது நான்தான்.

ஒரு வாரம்கூட முழுசாக ஓடவில்லை. அதற்குள் தொல்லை ஆரம்பித்தது.

படம் வரையும்போது கம்ப்யூட்டர் ஒழுங்காகவே இருக்கும். வரைந்து முடித்து, வெயிலும் நிழலும் வைத்து, அசல் போட்டோ மாதிரி ஆக்கச் சொன்னால் மட்டும் அதற்குக் கடும் வேலை. அதற்கு நிறைய நேரம் பிடிக்கும். அதை ஓடவிட்டுவிட்டு நான் சமைக்கவோ துணி துவைக்கவோ போவேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும். பாதியில் செத்த சிங்கத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இன்ஜினியர் ஃபோன் செய்தார். "மேடம், பார்ட்டி படத்தைப் பார்த்தாதான் அஸ்திவாரம் தோண்டுவேன்னு நிக்கிறாரு. இந்த வாரம் முடியலன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடட்டுமா?"

நான் விசாரணையில் இறங்கினேன். முதல் சந்தேகம் கரண்ட் மேல். யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். கம்ப்யூட்டர் அப்போதும் அணைந்தது. அடுத்து, பக்கத்துக் கொல்லையில் போர் மோட்டார் போடுகிறவர் மேல். அவர் மோட்டார் போடும் நேரமெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். (மனுஷன் பயந்துபோய் வேலியோரம் இருந்த முருங்கைக் கிளையை வெட்டிவிட்டுப் போனார்.) பிறகு வைரஸ் மேல். பிறகு மெமரி விற்ற கடைக்காரர் மேல். நான் பார்த்த எல்லா வீடியோவிலும் "முதலில் சூட்டைப் பாருங்கள், கூலர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்" என்றார்கள். அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கூலரை மாட்டியது நான். அதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அப்போதுதான் கம்ப்யூட்டரின் மேல்மூடியில் ஒரு மஞ்சள் கறையைப் பார்த்தேன். விரல் தடம். எங்கள் வீட்டில் முகத்துக்குப் பூச மஞ்சள் இழைப்பவர் ஒருவர்தான்.

எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அத்தைக்கு எங்கேயாவது சிவப்பு விளக்கு எரிந்தால் தாங்காது. டிவி பெட்டி, ஃபோன் சார்ஜர், தண்ணி மெஷின் எல்லாவற்றையும் போகிற போக்கில் தட்டி அணைத்துவிடுவார். "சும்மா எரியுது, பில்லு ஏறிக்கினு கீது" என்பார். என் கம்ப்யூட்டரிலோ திருவிழாவே எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். அன்றும் கம்ப்யூட்டர் அணைந்தது. டேப் ஒட்டியபடியே இருந்தது. சாதாரண மனுஷி என்றால், அப்படியானால் அத்தை அணைக்கவில்லை என்று முடிவு செய்திருப்பாள். நான், அத்தை டேப்பைப் பிரித்து, அணைத்து, மறுபடி அதே இடத்தில் ஒட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். இத்தனை சாமர்த்தியம் உள்ளவரிடம் எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறேன் என்று கவலையாகவும் இருந்தது.

இவரிடம் சொன்னேன். "எங்கம்மாவா? அவங்களுக்கு டேப்பு முனையே கண்ணு தெரியாது" என்றார். சரி, பிள்ளையும் உடந்தை.

ஞாயிற்றுக்கிழமை. மாகறலிலிருந்து நாத்தனார் தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். இன்ஜினியருக்கு மறுநாள் படம் போயாக வேண்டும். கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். அலமாரியில் துணிகளுக்கு நடுவே பழைய ஃபோனைச் செருகி, வீடியோவை ஆன் செய்துவிட்டு, துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வரும்போது அத்தை அந்த அறையிலிருந்து வேகமாக வெளியே வந்து, என்னைப் பார்க்காததுபோல் சமையல்கட்டுக்குள் நுழைந்துகொண்டார். உள்ளே போனேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

வீடியோவைச் சத்தமில்லாமல் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அத்தை கம்ப்யூட்டர் மேல் கை வைத்துக் குனிந்திருந்தார். அடுத்து நிறுத்திய இடத்தில் திரை இருட்டு. போதும் என்று நினைத்தேன். போலீஸ்கூட இதைவிடக் குறைந்த சாட்சியில் ஆளைப் பிடிக்கும்.

கறிக்குழம்பு சாப்பிட்டு எல்லோரும் ஹாலில் சாய்ந்திருந்தார்கள். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தை, காலைல கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனீங்களா?"

"நானா? நான் இன்னாத்துக்குப் போறேன் கண்ணு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பொய்தான் எனக்குக் கொம்பு முளைக்கவைத்தது. "அப்படின்னா எல்லாரும் இதப் பாருங்க" என்று ஃபோனை டிவியோடு இணைத்தேன்.

டிவியில் அத்தை வந்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரின் தலையில் புறங்கையை வைத்தார், காய்ச்சல்காரக் குழந்தைக்கு வைத்துப் பார்ப்பது போல. பெரிய டிவி என்பதால் சத்தம் தெளிவாகவே கேட்டது.

"ஐயய்ய, இன்னிக்கும் இப்டி கொதிக்குதே" என்றார் டிவி அத்தை. முந்தானையை எடுத்து அதற்கு விசிற ஆரம்பித்தார். "தே பாரு, நீ பாட்டுக்கு நின்னுபூட்டீன்னா அவ என்னத்தான் மொறைப்பா. அது பாவம், ராத்திரி பகலா உக்காந்து சிங்கம் வரைஞ்சிக்கினு கீது. அவ வர்ற வரிக்கும் எப்டியாச்சும் ஓடு."

விசிறிக்கொண்டே இருந்தார். அப்போது திரை அணைந்தது. அத்தை இரண்டு கையையும் மேலே தூக்கினார். அப்படியே பின்பக்கமாக நடந்து அறையை விட்டு வெளியேறினார்.

நான் ஃபோனில் வீடியோவை நிறுத்தும் பட்டனைத் தேடினேன். பதற்றத்தில் கை பட்டு அது மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "இத்தினி வருசத்துல எனக்கு ஒரு நாளு விசிறி வுட்டுருப்பாளா இவ."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை பிளந்தால் பாயோடு உள்ளே போய்விடலாம் என்று இருந்தது எனக்கு.

அத்தை சிரிக்கவில்லை. "எத்தினி நாளா என்னப் படம் புடிக்கிற?" என்றார்.

"இன்னிக்கு மட்டும்தான் அத்தை."

"என்னாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சூடா கீது, சூடா கீதுன்னு உன்னாண்ட சொல்ல வருவேன். நீ மொறைக்கிற மொறப்புல வாயத் தொறக்காம பூடுவேன்."

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவது கூலர். அதைக் கழற்றித் திருப்பினேன். அடியில், பிராசஸரைத் தொட வேண்டிய உலோகத்தின் மேல், பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருந்தது. மாட்டுவதற்கு முன் இதைப் பிரித்துவிடவும் என்று அதில் சிவப்பில், பெரிதாக, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் கொஞ்சம் கடினமாக உழைத்தாலே சூடு போக வழியில்லாமல், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது.

"இன்னா எழுதிக்கீது?" என்றார் அத்தை.

படித்துச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தைப் பிரித்து எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார். உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வர, விட்டு விட்டுச் சிரித்தார். "மொதல்லயே சொல்லிட்டுப் படம் புடிச்சிருந்தா நல்ல பொடவையாவது கட்டிக்கினு இருந்திருப்பேன்" என்றார்.

கூலரைத் திரும்ப மாட்டி ஓடவிட்டேன். அன்று மாலைக்குள் சிங்கம் முழுசாக வந்தது. இன்ஜினியருக்கு அனுப்பினேன். பார்ட்டிக்கு வீடு பிடித்தது, சிங்கத்தின் மூஞ்சி மட்டும் கொஞ்சம் பாவமாக இருக்கிறது என்றாராம். அது எத்தனை முறை பாதியில் செத்துப் பிழைத்த சிங்கம் என்று எனக்குத்தானே தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அத்தைதான் முதலில் தொடுகிறார். நகத்தால் ஓரங்களைச் சுரண்டி, ஒட்டியிருப்பது எதுவானாலும் உரித்துவிடுகிறார். புது ஃப்ரிட்ஜில் ஸ்டார் ஸ்டிக்கர் போனது. மிக்ஸியில் எந்தப் பக்கம் திருப்பினால் என்ன வேகம் என்று காட்டும் ஸ்டிக்கர் போனது. நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லும் தகுதி இந்த வீட்டில் எனக்குக் கிடையாது.

போன மாதம் இவர் புது ஃபோன் வாங்கி வந்து, மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் அத்தை அதைக் கையில் வைத்துப் பெருமையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கீறல் விழாமல் இருக்கக் கடையில் காசு கொடுத்து ஒட்டி வந்த ஸ்கிரீன் கார்டு, முழுசாக உரிக்கப்பட்டு அவர் மடியில் கிடந்தது.

"கடைக்காரன் பிரிக்காமயே குடுத்துட்டான் பாரு" என்றார் அத்தை. "நல்லவேள, சூடாவறதுக்குள்ள நான் பாத்துட்டேன்."