அத்திம்பேர் ரவுடி வேஷம் கட்டிய நாள்

நல்லது செய்தே தீருவது என்று கிளம்பிவிட்ட ஒருவரை எதிரில் கண்டால் சற்று ஒதுங்கி நில்லுங்கள். நெடுநாள் யோசனைக்குப் பின் நான் வந்தடைந்திருக்கும் முடிவு இது. ஒதுங்க இடமில்லாமல் என்னிடம் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியதே இக்கட்டுரை.

சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு, திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பொது நூலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதிலேயே என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அடிபட்டும் அஞ்சியும் வருகிறவர்களை நூலகம் எப்படி நடத்த வேண்டும் என்பது அதன் பொருள். துருவிக் கேட்காதே, குரலை உயர்த்தாதே, வாசலை மறைத்து நிற்காதே என்றார்கள். அப்படியே விழுங்கிவிட்டு வந்தேன். (அந்தப் பயிற்சிக் குரலில் வீட்டில் காபி கேட்டபோது, "தொண்டை கட்டிண்டிருக்கா? மிளகு ரசம் வைக்கட்டுமா?" என்றாள் அம்மா.)

அப்போது ஒரு பெண் தினமும் காலையில் வருவார். முப்பது வயது இருக்கலாம். சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்காருவார். கையில் ஏதேனும் ஒரு வார இதழ் இருக்கும், பக்கம் புரளாது. உறுப்பினராகச் சேர முகவரிச் சான்று வேண்டும். அதை நான் கேட்கவில்லை. பெயரையும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஒரு மழை நாளில் அவரே என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, இங்க யாரு வேணாலும் உள்ள வரலாமா?"

"யார் வேணும்னாலும் வரலாம்," என்றேன், பொது நூலகத்தின் தத்துவத்தையே சொல்லிவிட்ட பூரிப்பில். அவர் முகம் வாடிவிட்டது.

"பொன்முடி எஸ்டேட்லேர்ந்து எங்க வீட்டுக்காரரு தேடிட்டு வந்தா, என்னையப் பாத்ததா சொல்லிராதீங்க. ராத்திரி ஒரு வீட்ல நோயாளியப் பாத்துக்கறேன். பகல்ல உக்கார இத விட்டா எனக்கு வேற எடமில்ல."

"சொல்ல மாட்டேன்" என்பதோடு நான் நின்றிருக்கலாம். அந்த ஆள் உண்மையிலேயே வந்துவிட்டால் இந்த நூலகம் என்ன செய்யும் என்று யோசிக்கத் தொடங்கினேன். நூலகரிடம் அனுமதி வாங்கி ஒரு பாதுகாப்பு ஒத்திகைக்குத் திட்டம் தீட்டினேன். மனைவியைத் தேடி ஒரு குடிகாரன் உள்ளே புகுந்து ரகளை செய்வான். நாங்கள் வாசகர்களைப் பின்னறைக்கு அழைத்துப் போவோம். அவன் தப்பியோடாதபடி உதவியாளர் சுகுமாரன் அண்ணன் வாசலை வெளியிலிருந்து பூட்டிக் காவல் நிற்பார். நான் விசில் ஊதினால் திறப்பார். (ரவுடியை நம்மோடு உள்ளே வைத்துப் பூட்டும் இத்திட்டத்தின் மேதைமையை அன்று ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.)

குடிகாரனாக என் அக்காவின் கணவரைப் பிடித்தேன். அத்திம்பேர் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கர். பாலில் தண்ணீர் அதிகம் என்று சொல்வதற்குக்கூட அக்காவைத்தான் வாசலுக்கு அனுப்புவார்.

"மீசை வேணுமோல்லியோ?"

"வேண்டாம் அத்திம்பேர்."

"மீசையில்லாத ரவுடியை யாருடி மதிப்பா?"

நான் எழுதிக் கொடுத்த மலையாள வசனத்தைக் குளியலறையில் அவர் பல நாள் முழங்கினார். ஒத்திகை பற்றி உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். அந்தப் பெண் குழுவில் இல்லை. நேரில் சொல்ல நினைத்து, சொன்னால் ஆறாத எதையாவது கிளறியதாகுமோ என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். ஒத்திகையன்று அவரது இருக்கை காலியாக இருந்தது. எனக்கு நிம்மதி. பின்னறைக்குப் போய் அத்திம்பேருக்குக் கண்மையால் மீசை வரைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அத்திம்பேர் பக்கவாட்டு வழியாக வெளியே போய், அதைச் சுகுமாரன் அண்ணன் பூட்டியதும் வேட்டியை மடித்துக் கட்டி, முன்வாசல் வழியே நுழைந்தார். பின்னால் பூட்டு விழுந்தது. அத்தனை முகங்களைக் கண்டதும் மலையாள வசனம் மொத்தமும் மறந்துபோயிற்று. சற்று நேரம் விழித்தார். பிறகு, அவருக்குள் இருப்பது எங்களில் யாருக்குமே தெரியாத ஒரு குரல் தமிழில் வெடித்தது.

"எங்கடி ஒளிஞ்சுண்டிருக்கே? வெளியில வாடி. இன்னிக்கு ஒன்னை விடப்போறதில்லே."

தமிழ் சினிமா வசனம் கேட்ட மகிழ்ச்சியில் கூடம் கைதட்டியது. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் எழுந்து, குடையால் அத்திம்பேரின் முதுகில் ஒன்று வைத்தார். (ஒத்திகை என்று தெரியும், அடிக்கக் கூடாது என்று குழுவில் போடவில்லையே என்றார் பிறகு.) அத்திம்பேர் சரிந்து புத்தகத் தாங்கியோடு விழுந்தார், மீசை காதுவரை இழுபட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் கதவு அதிரும் ஓசை கேட்டது. அந்தப் பெண் இரு கைகளாலும் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். அது திறக்காதென்று தெரிந்ததும் அதன் அடியிலேயே குந்தி, முழங்கைகளால் தலையை மூடிக்கொண்டார். அடி எங்கே விழும் என்று அறிந்தவரின் மூடல் அது.

அருகில் மண்டியிட்டு, என் பயிற்சிக் குரலில், "இது வெறும் ஒத்திகை. நீங்க இங்க பாதுகாப்பா இருக்கீங்க," என்றேன்.

"கதவத் தொறங்கக்கா."

ஜன்னலுக்கு ஓடினேன். "சுகுமாரன் அண்ணா, தொறங்க."

தமிழும் மலையாளமும் கலந்து பேசும், என்னை 'மோளு' (மகள்) என்றே அழைக்கும் எல்லைப் பக்கத்துக்காரரான அவர் அசையவில்லை. "விசிலு கேக்காம தொறக்கண்டாம்னு மோளுதானே பறஞ்ஞது?"

"இப்ப நானே சொல்றேன்."

"ரவுடி மிரட்டி மோளச் சொல்ல வச்சாலும் தொறக்கண்டாம்னு அதுவும் மோளுதானே பறஞ்ஞது?"

விசில் என் கழுத்தில் தொங்கியது. அந்தப் பெண்ணின் காதருகே ஊத மனமில்லாமல் கூடத்தின் மறுகோடிக்கு ஓடிப்போய் ஊதினேன். அவ்வளவு உயரமான கூரையின் கீழ் எங்கே நின்று ஊதினாலும் ஒன்றுதான். அவர் உடம்பு ஒருமுறை துள்ளியது.

கதவு திறந்தது. அவர் ஓடவில்லை. யார் கண்ணிலும் படாமல் போகப் பழகியவரின் வேகத்தில் நடந்து, பேருந்து நிறுத்தக் கூட்டத்தில் மறைந்தார். பின்னால் போனால் அதுவும் துரத்துவதாகிவிடும் என்று நின்றுவிட்டேன். அது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. பெயர் தெரியாததால் எங்கும் விசாரிக்கவும் வழியில்லை. அவர் திரும்ப வரவில்லை.

அன்று மாலை அக்கா அத்திம்பேரின் முதுகில் தைலம் தேய்த்துவிட்டு உள்ளே போனதும் அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"நெஜமாவே ஒருத்தி இருந்தாளா?"

"இருந்தா, அத்திம்பேர்."

காதோரம் மிச்சமிருந்த கண்மையைத் துண்டால் துடைத்தார். "என் மூஞ்சிய அவ நன்னாப் பாத்திருப்பாளோ?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் குடையடிக் கதை இல்லாமல் பந்தி முடியாது. ஒத்திகைகளை இப்போது ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லித்தான் நடத்துகிறோம், பூட்டு கிடையாது. அதைக் கேட்க எந்தப் பந்தியும் காத்திருப்பதில்லை.

சாலைக் கடைத்தெருவிலுள்ள கோவிலுக்கோ சந்தைக்கோ எல்லாருமாக நடந்து போகும்போது, நூலகம் கண்ணில் பட்டதும் அக்கா தொடங்கிவிடுவாள். "லைப்ரரி வந்தாச்சு, ரோட்டைத் தாண்டுங்கோ. குடைக்காரர் நின்னுண்டிருப்பார்." பெண்களெல்லாம் சிரிப்பார்கள். அத்திம்பேர் மறுத்துப் பேசியதில்லை. காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு, ஜன்னலருகே யாரேனும் அமர்ந்திருந்தால் தம் முகம் தெரியாதபடி தலையைத் திருப்பிக்கொண்டு, அத்தனை வண்டிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் போய்விடுவார்.