கியெத்தின் உயரமான நாற்காலி

அறுவை சிகிச்சையில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியதும் கியெத் ஒரே ஒரு சபதம் எடுத்தார்: மிச்ச வாழ்க்கையை ஆண்டு அனுபவித்துவிடுவது.

வாழ்க்கை என்றால் அவருக்கு எதிர்வீட்டு ஏழாம் அக்காவின் காப்பிக்கடை. (சைகோனில் அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவரவர் வீட்டில் பிறந்த வரிசைதான்.) ஐஸ் போட்ட கறுப்புக் காப்பி, ஓர் ஆட்டம் சீனச் சதுரங்கம், கூடவே திருட்டு சிகரெட். சிகரெட்டை எப்போதோ விட்டுவிட்டதாக மனைவி தோவாவிடம் சத்தியமே செய்திருந்தார். கடை வாசலில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அவற்றுக்குப் பின்னால் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள். உட்கார்ந்தால் போதும், மாடியில் துணி உலர்த்தும் தோவாவுக்கு ஆளே தெரியாது. சைகோன் சந்துகளைக் கட்டியவன் நிச்சயம் கல்யாணமானவன்.

ஆனால் டாக்டர் அவர் தலையில் கல்லைப் போட்டார். "தாழ்வா எதுலயும் உட்காராதீங்க. குனியாதீங்க. புது மூட்டு நழுவிடும்."

வலி போச்சு. வாழ்க்கையும் போச்சு.

"இதுக்கு நான் நொண்டிக்கிட்டே இருந்திருக்கலாம்," என்று சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளினார் கியெத்.

"என்னங்க குறை உங்களுக்கு?"

"மனுஷங்க முகத்தைப் பார்க்க வேணாமா? நான் என்ன உன் பூந்தொட்டியா, மூலையில வச்சுத் தண்ணி ஊத்த?"

"பூந்தொட்டி எதிர்த்துப் பேசாது."

கியெத் இடுப்பைத் தடவினார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

தோவா உருகிவிட்டாள். "சரி, போய்ட்டு வாங்க. உயரமா ஒரு நாற்காலி நானே வாங்கித் தரேன்."

இவ்வளவு சுலபமா! குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் வெற்றி. நாற்காலியைத் தோவாவே கடைக்குக் கொண்டுபோய், அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"ராஜா சிம்மாசனம் ஏறிட்டாருப்பா!" என்றார் முக்காலியில் இருந்த சதுரங்கக் கூட்டாளி ஐந்தாம் அண்ணன்.

"பொறாமைப்படாதீங்கண்ணே. பொண்டாட்டியை எப்படி வழிக்குக் கொண்டு வரணும்னு என்கிட்ட கத்துக்கோங்க."

குதிரையை நகர்த்தினார். காப்பியை உறிஞ்சினார். சிகரெட்டைப் பற்றவைத்து, சாய்ந்துகொண்டு, வானத்தைப் பார்த்துப் புகை விட்டார்.

"ஏங்க!"

வானத்திலிருந்து இல்லை, மாடியிலிருந்து. சந்தே நிமிர்ந்து பார்த்தது.

"கையில என்ன அது?"

"இதா? ஐந்தாம் அண்ணனோடது! சும்மா பிடிச்சுக்கிட்டிருக்கேன்!"

"அவர் வாயில வேற ஒண்ணு எரியுதே! நாற்காலி சௌகரியமா இருக்கா? அந்த இடத்துல போட்டாத்தாங்க இங்கேருந்து நல்லாத் தெரியுது!"

கியெத் சட்டென்று மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"குனியாதீங்க! டாக்டர் சொல்லியிருக்காருல்ல!"