எதிர்மலைக்குப் போன வெயில்

சேசு மரி சூசை துணை

பொகவந்தலாவை
14.3.1963

கொழும்பில் கட்டட வேலை பார்க்கும் மருமகன் பத்திநாதன் அவர்களுக்கு மாமனார் வியாகுலம் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் மகள் இசபெல்லின் சுகத்துக்கும் தினமும் செபம் சொல்கிறோம். இது நிற்க. நீங்கள் அனுப்பிய அலுமினிய வெயில் தடுப்பை உடனே வந்து கழற்றிக்கொண்டு போகவும்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் நேற்றே தீர்ந்துவிட்டது. இன்று எழுதுவது நியாயம். உங்கள் மாமியார் மரியநாயகிக்குக் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்தபோது, ஒரு மாதத்துக்கு அறையை விட்டு வெளியே வரக்கூடாது, கண்ணில் நேர் வெயிலும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் சன்னலோ கிழக்கே பார்த்தது. காலை வெயில் அவள் தலைமாட்டில்தான் வந்து உட்காரும். சாக்குத் துணி கட்டினேன். கல்லறைக்குள் படுத்திருப்பது போல் இருக்கிறது என்றாள். அதற்காகத்தான் நீங்கள் எட்டுத் தகடு வைத்த சட்டத்தை லொறியில் அனுப்பினீர்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்தால் தகடெல்லாம் ஒரே மங்கல். யாரோ பழைய சாமானை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நாற்பது வருசம் தேயிலைப் பெக்டரியில் வேலை பார்த்தவனுக்குத் தகடு எப்படி இருக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நாள் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி மின்னியது.

கூட வந்த தாளில், தகடுகளைப் பாதிச் சாய்வில் வைக்கவும் என்று போட்டிருந்தது. மேலிருந்து வரும் வெயில் தடைபடுமாம், கீழே பார்வை திறந்திருக்குமாம். அது கொழும்பு வெயிலுக்கு எழுதியது. பாதிச் சாய்வு நல்லதென்றால் முக்கால் சாய்வு இன்னும் நல்லதுதானே? முக்காலுக்கும் கொஞ்சம் மேலாகவே சாய்த்து வைத்தேன். ஒரு சொட்டு வெயில் உள்ளே வரவில்லை. மரியநாயகி எழுந்து உட்கார்ந்தாள், கண்ணாடியை மாட்டினாள், கத்தினாள். "ஏங்க, ஒண்ணுமே தெரியலைங்க! எல்லாம் நெழலா இருக்கு! கண்ணு போயிருச்சுங்க!" எனக்கு அந்த அறை வழக்கம்போலத்தான் இருந்தது. ஆகவே குற்றம் டாக்டருடையது என்று தெரிந்துகொண்டு, அவரிடம் நாலு வார்த்தை கேட்கச் சட்டையை மாட்டினேன். பொத்தான் போடுவதற்குள் வாசலில் திருவிழாச் சத்தம்.

எதிர்மலையில் அருவி இரைச்சலில் கொம்பு ஊதினால் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியாது. கொழுந்து நிறுக்க நேரமானால் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி எங்கள் வீட்டுக்குக் கீழே நின்று ஒரு பளபளப்பான தகரத்தை வெயிலில் தூக்கிக் காட்டுவார். மினுக்கம் கண்டதும் பெண்கள் கூடையோடு இறங்கி வருவார்கள். பத்து வருச வழக்கம். அன்றைக்கு மினுக்கம் காலை எட்டரைக்கே வந்துவிட்டது, என் சன்னலிலிருந்து. நாற்பது பெண்கள் கால் கூடைக் கொழுந்தோடு ஓடி வந்து நிற்கிறார்கள். தராசும் இல்லை, கண்டாக்கும் இல்லை. அம்மாக்கண்ணு என்கிற வாயாடி, "மாரியாத்தா புண்ணியம், இன்னிக்கு வெள்ளனவே நிறுவை" என்று வெற்றிலைப் பையை அவிழ்த்துவிட்டாள்.

மூச்சிரைக்க வந்தார் கண்டாக்கு. "என்னாங்க பெரியவரே, சூரியன வெலைக்கு வாங்கி வீட்டுல மாட்டி வச்சிருக்கீங்களா?"

"சன்னல் என்னுதுங்க. வெயில் யாருதுன்னு தொரைகிட்டக் கேட்டுக்குங்க."

"நாளைக்குச் சூரியனயும் காலப் பெரட்டுல எங்களோட வரிசையா நிக்க வச்சு எண்ணுங்க கண்டாக்கையா!" என்றாள் அம்மாக்கண்ணு. நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் நான் தகட்டைத் தொடவில்லை. மறுநாள் அடுத்த மலைப் பெண்களும் சேர்ந்து வந்துவிட்டார்கள். இன்று மூன்றாம் நாள். "நாளைக்கும் மின்னுச்சுன்னா தொரையோட வந்து பேத்து எடுத்துருவேன்" என்று கண்டாக்கு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் கையால் கழற்றினால் அவர் ஜெயித்ததாகிவிடும். அனுப்பியவர் நீங்கள், நீங்கள் வந்து கழற்றினால் யாரும் ஜெயித்ததாகாது. வரும்போதே மாமியாரைக் கொழும்பில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்யவும். மூன்று நாளாகச் செபமாலையும் கையுமாக அழுகிறாள். "பொறக்கப்போற பேரப்புள்ள மொகத்தப் பாக்காமலே போயிருவனோ" என்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை இசபெல்லிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

மாதாவின் ஆசீர் உங்கள் குடும்பத்தின்மேல் நிறைவாய் இறங்குவதாக.

இப்படிக்கு,
எவருக்கும் வளைந்து கொடுக்காத
வியாகுலம்

பி.கு.: முத்திரை வாங்கக் கடைவீதிக்குப் போய்த் திரும்பினால், தகடெல்லாம் பாதிச் சாய்வில் நிற்கிறது. மரியநாயகி சுவரைத் தடவிப் போய்ப் தகடுகளைச் சாய்க்கும் பக்கத்துக் கம்பியை இழுத்திருக்கிறாள். கட்டிலில் வெயில் இல்லை, அறையில் வெளிச்சம் இருக்கிறது, மினுக்கமும் எதிர்மலைக்குப் போகாமல் வானத்துக்குப் போகிறது. தகட்டு இடுக்கால் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு, "ஏங்க, அந்தா மூணாவது நெரையில கூடையச் சாச்சுக்கிட்டு நிக்கிறது அம்மாக்கண்ணுதானே?" என்கிறாள். வாசலோடு போன கண்டாக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "அவளேதாங்க, வேலை செய்யாம நிக்கிறா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். மரியநாயகி சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். தகடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாமியாருக்கு டாக்டரும் வேண்டாம். ஆனால், "உங்களுக்குத் தெரியுதாங்க?" என்று கேட்டாள். தெரியுது என்றேன். மலை முழுவதும் எனக்கு ஒரே பச்சைப் பாயாகத்தான் இருந்தது. நிரையும் இல்லை, அம்மாக்கண்ணும் இல்லை. இங்குள்ள டாக்டரைக் கடைவீதி முழுக்க வைதுவிட்டேன். ஆகவே கொழும்பில் ஒரு நல்ல கண் டாக்டரை விசாரித்து எழுதவும். யாருக்கு என்று இசபெல் கேட்டால் அருவி இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லவும்.